தம்பி உடையான் தரையில் நில்லான்

நிலம் உடையவர்கள் உண்டு. கடை உடையவர்கள் உண்டு. உடம்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள் இந்த இருவரையும்விட அதிகம் உண்டு. இந்த மூன்றிலும் அடங்காத நாலாவது இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. அதற்குப் பெயர் தம்பி உடையவர்.

அண்ணன் உடையவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் சாதுக்கள், வாயைத் திறக்கவே பயப்படுவார்கள். தம்பி உடையவர் வேறு சாதிப் பிராணி. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பழமொழி இருக்கிறது. சரி, அஞ்ச வேண்டாம். ஆனால் தம்பி உடையானைக் கண்டு அக்கம்பக்கத்தார் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதைப் பழமொழி செய்தவர் விசாரிக்கவில்லை. அவர் பாலக்காடு வலியங்காடியில் ஒரு நாள்கூடக் கடை வைத்திருக்க மாட்டார்.

(எனக்கும் ஒரு தம்பி உண்டு. மதராஸில் தந்தி ஆபீசில் இருக்கிறான். நிமிஷத்துக்கு இருபத்தைந்து வார்த்தை அடிப்பான். அதைச் சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை.)

இந்த இனத்தை அடையாளம் காண்பது எப்படி? நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேச்சை ஆரம்பியுங்கள். நாலாவது வாக்கியத்துக்குள் தம்பி வந்து நிற்பான். வெயில் அதிகம் என்று சொல்லுங்கள்: தம்பி இருக்கும் ஊரில் இதைவிட அதிகம். மழை என்று சொல்லுங்கள்: தம்பி மழைக்கும் மேலே இருந்தவன். பல்வலி என்று சொல்லிப் பாருங்கள். தம்பிக்குப் பல்வலியே வந்ததில்லை. வந்தால் சர்க்கார் டாக்டர் வந்து பார்ப்பார்.

என் கயிற்றுக் கடைக்கு எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மொய்தீன் ராவுத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தம்பி மஜீத், விமானப் படையில் சேர்ந்து வடக்கே எங்கோ இருந்தான். கடையில் தராசுக்கு நேர் மேலே அவன் படம் மாட்டியிருக்கிறது. ஒரு விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் நிற்கிறான். படத்தில் விமானம் முக்கால் பங்கு, மஜீத் கால் பங்கு. அண்ணனுக்கு அந்த முக்கால் பங்கும் மஜீத்தான்.

அரை ராத்தல் ஆணி கேட்டு ஒருவன் வருகிறான் என்று வையுங்கள். ஆணியை நிறுக்கும்போது அவன் தவறிப்போய் மேலே பார்த்துவிட்டால் தீர்ந்தது. ராவுத்தர் தராசைக் கீழே வைப்பார், ஒரு கதவுக் கீலை எடுப்பார், இரண்டு பக்கமும் விரிப்பார், விரித்த கீல் விமானமாகிவிடும், அது கல்லாப்பெட்டியிலிருந்து கிளம்பி, தொங்கும் பூட்டுகளுக்கு நடுவே நுழைந்து, வாளி அடுக்கைச் சுற்றி, வந்தவனின் மூக்கு நுனியை ஒரு விரற்கடை தூரத்தில் உரசிக்கொண்டு மேலே ஏறி, அங்கே குட்டிக்கரணம் போட்டு, தலைகீழாகத் திரும்பி வந்து, மறுபடி கல்லாப்பெட்டிமேல் இறங்கும். ஆணிக்கு வந்தவன் ஆணியை மறந்துவிட்டுப் போவான். வீட்டில் கதவு விழுந்து கிடக்கும்.

வானத்தில் கொச்சி விமானம் போகும் சத்தம் கேட்டால் ராவுத்தர் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்.

"ஏனுங்ணா! வெளிய வாங்க! மஜீது போறானுங்க!"

"காத்தால ஒருக்கா போனானே, ராவுத்தரே?"

"போனவன் திரும்பி வர வேண்டாமுங்களா?"

இவர் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்ற கூச்சம் கொஞ்சமாவது இருக்கும். மஜீத் எந்தக் கடிதத்திலும் தான் விமானம் ஓட்டுவதாக எழுதியதில்லை. எழுதாததையெல்லாம் வாசிப்பதுதான் அண்ணனின் திறமை. கடிதத்தைப் பிரித்து, "இவ்விடம் நான் சுகம்" என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பத்தாயிரம் அடியில இருந்து எழுதியிருக்கான்" என்பார். அவர் மனைவி ஹவ்வா உள்ளேயிருந்து, "பத்தாயிரம் அடியில தபால் பெட்டி யாருங்க வெச்சது?" என்று கேட்பாள். ராவுத்தர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். தம்பி உடையவர்களுக்குக் காது ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

இதெல்லாம் இத்தோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கதவு விழுந்து கிடந்தவனைத் தவிர. ஆனால் மஜீதுக்குப் பெண் பார்த்தார்கள்.

மஜீதுக்கு வயது இருபத்தொன்பது. படையில் இருக்கிறவனுக்குப் பெண் இல்லை என்று ஏற்கனவே மூன்று இடத்தில் சொல்லிவிட்டார்கள். நாலாவது இடம் புதுநகரம் ஜவுளிக்கடை குஞ்சு முகம்மது ராவுத்தர். அவர் மகள் நூர்ஜஹான். ஒரு லீவில் வந்தபோது, அவர் இல்லாத நேரத்தில் கடைக்குச் சட்டைத்துணி எடுக்கப் போன மஜீத், துணியைப் பார்த்தானோ வேறெதைப் பார்த்தானோ, மூன்று கஜம் கேட்டு ஐந்து கஜம் வாங்கிக்கொண்டு வந்தான். போனதும் அண்ணனுக்கு எழுதினான்: "வேறு எந்த இடம் போனாலும் எனக்கு வருத்தம் இல்லை. இந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்." ஒருபோதும் எதையும் கேட்காத பிள்ளை. இந்த வரியை மட்டும் ராவுத்தர் எழுதியிருந்தபடியே வாசித்தார்.

குஞ்சு முகம்மது ராவுத்தர் கொஞ்சம் தனி ரகம். எதிரே நிற்பவரின் சட்டை ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். துணியில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி மோந்து பார்ப்பார். பருத்தியென்றால் காகிதம் எரிந்த வாசனை, பட்டென்றால் மயிர் பொசுங்கிய வாசனை. ஜவுளிக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். இவர் அதைக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சால்வையிலும் செய்வார். தம்பியைப் பற்றி மொய்தீன் ராவுத்தர் சொன்ன அத்தனையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பையனை ஒருக்கா நேர்ல பாத்துட்டு முடிச்சுக்கலாமுங்க."

அந்தத் தை மாதம் கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு மைதானத்தில் விமானப் படையின் காட்சி நடக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. விமானங்கள் வித்தை காட்டும். பழைய காலத்து விமானங்களைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மஜீதின் கூட்டமும் வடக்கிலிருந்து வருகிறது. மொய்தீன் ராவுத்தர் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார். முப்பத்தொரு பேர். நான் தனியாக எண்ணிப் பார்த்தேன். ஏனென்றால் ராவுத்தர் எண்ணியபோது முப்பத்திரண்டு வந்தது. திரும்பி வரும்போது மஜீத் மேலேயிருந்து பஸ்ஸுக்குத் துணை வருவான் என்று அவனையும் சேர்த்திருந்தார்.

காலை ஒன்பதரைக்கு மைதானத்தில் இருந்தோம். ஹவ்வாவின் நெய்ச்சோற்று அண்டா இரண்டு, குஞ்சு முகம்மது ராவுத்தரின் குடை ஒன்று, ஆயிரக்கணக்கில் தலை. ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் பேசியது. அது என்ன சொல்கிறது என்று நம் ராவுத்தர் உடனுக்குடன் தமிழில் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை.

முதலில் நாலு விமானங்கள் ஒட்டினாற்போல் வந்தன.

"இதுல தம்பி எதுங்க?" என்றார் குஞ்சு முகம்மது.

"முன்னால போறதுங்க."

நாலும் திரும்பி வந்தன. முன்னால் போனது இப்போது பின்னால்.

"இப்பங்க?"

"பின்னால போறதுங்க. வயசானவங்களுக்கு வழி உட்டிருக்கான். ஊட்ல வளத்தின வளப்பு அப்படி."

அடுத்து இரண்டு விமானங்கள், ஒன்று கிழக்கிலிருந்தும் ஒன்று மேற்கிலிருந்தும், மோதிக்கொள்ளப் போவதைப் போல் நேருக்கு நேர் வந்து மயிரிழையில் விலகிப் போயின. பஸ்ஸில் வந்த எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

"இதுல எந்தப் பக்கமுங்க தம்பி?"

நம் ராவுத்தருக்கு ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ரெண்டுலயும் அவனுக்குப் பழக்கம் உண்டுங்க" என்றார்.

பிறகுதான் வினை வந்தது. ஒற்றை விமானம் ஒன்று தென்னை உயரத்துக்கு இறங்கி, எங்கள் தலைக்கு நேராக, வயிற்றை வானத்துக்கும் முதுகைத் தரைக்கும் காட்டிக்கொண்டு, முழுக்கத் தலைகீழாகப் போயிற்று. உள்ளே இருந்தவனின் தலை தொப்பியோடு கீழ்நோக்கித் தொங்கியதைக் கண்ணால் பார்த்தோம். மொய்தீன் ராவுத்தர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"மஜீது! அதா பாருங்க, நம்ம மஜீது! இதுக்குத்தானுங்க காத்திருந்தேன்!"

குஞ்சு முகம்மது ராவுத்தர் குடையை மடக்கினார்.

"தலைகீழாப் போறாருங்களே."

"ஆமாங்க! அவனுக்கு அதுதானுங்க சௌகரியம்!"

"தெனமுமா?"

"தெனமும் காத்தால. வெறும் வயித்துல."

"அல்லாவே!" என்றார் குஞ்சு முகம்மது. "ஏனுங்க ராவுத்தரே, நெலத்துல கால் வெச்சு நடக்கற ஆளுக்கே இந்தக் காலத்துல புள்ளையக் குடுக்கப் பயமா இருக்குது. தலைகீழா நடக்கறவனுக்கு எப்படிங்க குடுக்கறது? இன்னைக்கு வண்டி தலைகீழ், நாளைக்குக் குடும்பம் தலைகீழ். எம்புள்ள ஆகாசத்தைப் பாத்துட்டே காலம் முழுக்க நெஞ்சுல கை வெச்சுட்டு நிக்கோணுமா? நம்மளுக்கு இந்த சம்பந்தம் வேண்டாமுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

ஹவ்வா கணவரின் முழங்கையைக் கிள்ளினாள். "இப்பவாச்சும் உள்ளதைச் சொல்லுங்க. இந்த எடத்தை மட்டும் விட்டுராதீங்கன்னு அவன் எழுத்து போட்டானே, மறந்துட்டீங்களா?"

ராவுத்தர் வாயைத் திறந்தார். உண்மை தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். 

"அது வந்துங்க... தம்பி இதைவிடத் தாழ்வாக்கூடப் போவானுங்க."

வந்த உண்மை திரும்பிப் போய்விட்டது.

குஞ்சு முகம்மது ராவுத்தர் எழுந்து, பழைய விமானங்கள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார். ஹவ்வா கணவரை நெட்டித் தள்ளினாள். அவர் பின்னால் ஓட, நானும் ஓடினேன். அங்கே கயிறு கட்டி, உள்ளே நாலைந்து கிழட்டு விமானங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். (கயிறு மட்டமான ரகம். அதையும் இங்கே சொல்ல வரவில்லை.) கடைசியில் நின்றது இரட்டை இறக்கை விமானம், யுத்தத்துக்கெல்லாம் முந்தினது. குஞ்சு முகம்மது சும்மா ஒரு விரலை நீட்டி அதன் இறக்கையைத் தொட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"ராவுத்தரே! இது துணியுங்க!"

உண்மைதான். மரச்சட்டத்தின்மேல் துணி இழுத்துக் கட்டி, அதன்மேல் வார்னிஷ் பூசியிருந்தது. வந்த கோபமெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அடியில் குனிந்தார், தட்டினார், நகத்தால் சுரண்டினார். ஓரிடத்தில் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தது. வார்னிஷ் இன்னும் பூசவில்லை.

"பாருங்க, தையல் எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னு தெரியுதுங்களா? இந்தக் கை யாரு கை? இதைத் தெச்சவன் கையில முத்தம் குடுக்கோணும்!"

"அது யாரோ தையக்காரனா இருக்குமுங்க" என்றார் நம் ராவுத்தர், அந்த வார்த்தையே புளித்ததைப் போல. "நீங்க மேல பாருங்க, தம்பி மறுபடியும்..."

குஞ்சு முகம்மது மேலே பார்க்கவில்லை. ஒட்டின் ஓரத்தில் நறுக்காமல் விட்ட நூல்முனை ஒன்று அவர் கண்ணில் பட்டது. சணலா பருத்தியா? முப்பது வருஷப் பழக்கம் கையைச் சும்மா இருக்க விடுமா? நூலை இரண்டு விரலால் பிடித்தார். இன்னொரு கை சட்டைப் பைக்குள் போயிற்று. தீப்பெட்டி வெளியே வந்தது. அந்த வார்னிஷ் பெட்ரோலுக்கு அண்ணன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

குச்சியைக் கிழித்தார்.

இருபது கஜ தூரத்திலிருந்து ஒரு சர்தார்ஜி சிப்பாய் இந்தியில் அலறிக்கொண்டு ஓடி வந்தார். நம் ராவுத்தர், "நம்மளை அடையாளம் கண்டுட்டாருங்க, வரவேற்கறாரு" என்றார். அதற்குள் விமானத்தின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஓர் ஆள் பாய்ந்து வந்து, எரிகிற குச்சியை வெறுங்கையால் பொத்தி அணைத்தான். நீல அங்கி, முழங்கால்வரை வார்னிஷ் கறை, தொப்பியில் குத்திய வளைந்த ஊசி, ஊசியில் மெழுகு தேய்த்த நூல். மஜீத்.

மொய்தீன் ராவுத்தர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"டேய்! நீ மேல இருக்கறே! இங்க என்னடா பண்றே?"

"நான் இங்கதானே அண்ணே இருப்பேன்?"

"வாயை மூடு. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க, மேல போ!"

குஞ்சு முகம்மது ராவுத்தர் மஜீதின் முகத்தை உற்றுப் பார்த்தார். தராசுக்கு மேலே படத்தில் கண்ட முகம். "அப்ப மேல தலைகீழாப் போறது யாருங்க?"

மொய்தீன் ராவுத்தருக்கு மேலே இருந்தது மூன்று வருஷத்து ஆகாயம்; கொச்சி விமானம், பத்தாயிரம் அடி, கீல், வலியங்காடி முழுதும் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நாட்கள். கீழே ஒரு தம்பி, பொசுங்கிய உள்ளங்கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். என் கணக்கில் அந்த மௌனம் ஒரு நிமிஷத்துக்குக் குறையாது. என் தம்பியாக இருந்தால் அதற்குள் இருபத்தைந்து வார்த்தை அடித்திருப்பான்.

"அது யாரோ ஒருத்தனுங்க," என்றார் ராவுத்தர் கடைசியில். குரல் கீழே விழுந்த ஆணியைத் தேடுவதைப் போல் இருந்தது. "எங்க மஜீது பறந்ததே இல்லீங்க. தரைய உட்டு ஒரு அடி எந்திரிச்சதில்லை. ரெண்டாவது எழுத்துலயே எழுதிட்டான். நான்தான்... அவன் எறக்கைக்குத் துணி தெக்கறானுங்க."

குஞ்சு முகம்மது ராவுத்தர் ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டினார். "இது நீங்க போட்டதா, தம்பி?"

"ஆமாங்க."

"அங்குலத்துக்கு எத்தனை?"

"எட்டுத் தையலுங்க. ரெண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு."

"முடிச்சு எதுக்கு?"

"ஒரு எடத்துல பிரிஞ்சாலும் அடுத்த முடிச்சோட நின்னுருமுங்க. அதுக்கு மேல பிரியாது."

அவர் மஜீதின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊசி குத்திய புள்ளிகள் நிறைய. பிறகு அங்கியின் ஓரத்தை உருட்டிப் பார்த்தார், பழக்கம். அதன் பிறகு நம் ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நல்ல செய்திய ஏனுங்க மறைச்சு வெச்சிருந்தீங்க? எங்க கடைத் தையக்காரன் இருபது வருஷமா முடிச்சே போடாம ஏமாத்தறான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சு ஊட்டுக்கு வாங்க, சம்பந்தி."

சர்தார்ஜி தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார். மஜீத் குனிந்து நூல்முனையை நறுக்கினான். அவன் காது இரண்டும் சிவந்திருந்ததை நான் கவனித்தேன்.

இனி மொய்தீன் ராவுத்தர் அடங்கிவிடுவார் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். பஸ் மதுக்கரை தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவர் ஜன்னலோரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளையாறு மலை கண்ணில் பட்டதும் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்ணா, பறக்கறது பெரிய காரியமுங்களா? காக்காயும்தான் பறக்குது. காக்காய்க்குத் தெக்கத் தெரியுமா?"

இருக்கையை விட்டு எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். 

"மேல ஒருத்தன் தலைகீழாப் போனானே, பாவம், அவன் என்ன பண்ணினான்? சும்மா உக்காந்திருந்தான். கவுத்தினா கவுந்தான். கீழ ஒருத்தன் முடிச்சுப் போட்டிருக்கான்ங்கற தைரியம்! அந்த முடிச்சு மட்டும் இல்லைன்னு வையுங்க..."

"அந்த வண்டி தகரமுங்க," என்றாள் ஹவ்வா. "துணி வண்டி கீழதான் நின்னுச்சு."

அந்தப் பக்கத்துக் காது வேலை செய்யவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. மஜீத் புது மனைவியோடு வடக்கே போனான். இப்போது அரை ராத்தல் ஆணிக்கு வருகிறவன் மேலே பார்த்தால், ராவுத்தர் கீலைத் தொடுவதில்லை. ஒரு கோணி ஊசியையும் என் கடையில் வாங்கிய சணல் நூலையும் எடுத்து, வந்தவனின் வேட்டி ஓரத்தையே பிடித்து, அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் என்ன என்று போட்டுக் காட்டுகிறார். கொச்சி விமானம் போகும்போது நடுத்தெருவுக்கு வருவதும் நிற்கவில்லை. இப்போது "மஜீது போறான்" என்பதில்லை. "மஜீது விடறான், அது போகுது" என்கிறார். முன்பு ஒரு விமானம்தான் தம்பியுடையது. இப்போது எல்லாமே.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்களுக்குத் தம்பி இல்லை, அதனால் தப்பித்தோம் என்று நிம்மதிப்படாதீர்கள். இந்த இனத்தில் தம்பி என்பது ஓர் இடம். அதில் யாரை வேண்டுமானாலும் உட்கார்த்தி வைக்கலாம். கலெக்டர் ஆபீசில் மகன், கொழும்பில் மருமகன், மதராஸில் பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கும் ஒன்றுவிட்ட மச்சினன் என்று யார் வேண்டுமானாலும் சரி. அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். காபி வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லாமல் இருங்கள். இருந்துவிட்டால் எனக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள்.

கார்டு வரும் என்று தபால்காரரிடம் நான் சொல்லி வைக்கவில்லை. வராத கார்டைத் தேடி அவருக்கு வீண் அலைச்சல் எதற்கு?